மாரமங்கலம் ஏற்றத்தில் கரும்புகை

என் பக்கத்து வீட்டுக்காரரின் பிக்கப் வண்டியை நினைத்தால் முதலில் கண்முன் வருவது அதன் புகைதான். மாரமங்கலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் வளைவொன்றில், பலாப்பழம் ஏற்றிய அந்த வண்டி முனகி முனகி நின்றது. பின்னால் எழுந்த கரும்புகையில் சாலையோரச் சில்வர் ஓக் மரங்கள் மறைந்தன. எங்களைத் தாண்டிய ஜீப்பிலிருந்து எஸ்டேட்டில் கணக்கும் ஆட்களும் பார்க்கும் ரைட்டர் தலையை நீட்டி, "ஓனர் வண்டிங்க. கும்பிட்டுட்டு ஓரமாப் போங்க" என்று தன் டிரைவரிடம் சொன்னார். ஜீப்பே சிரித்தது. பக்கத்து வீட்டுக்காரர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி மறுபடி சாவியைத் திருப்பினார். நான் அருகில் உட்கார்ந்திருந்தேன்.

அந்த ரைட்டரின் கீழ் வாட்ச்மேனாக இருந்தவர் அவர். வேலையை உதறிவிட்டு இந்தப் பழைய வண்டியை வாங்கினார். சில மாதம் நன்றாக ஓடியது. பிறகு பாரம் ஏற்றி மேட்டைப் பார்த்தாலே இழுவை போய்விடும். வாரச் சந்தைக்குள் சரியாகாவிட்டால் வண்டியை விற்றுவிட்டு எஸ்டேட்டுக்கே திரும்புவதாக அங்கே சொல்லி வைத்திருந்தார். வாட்ச்மேன் வேலை அவருக்குக் கேவலமில்லை. அந்த ஜீப்புக்குக் கேட்டைத் திறந்துவிட்டு சலாம் வைக்க வேண்டுமே என்பதுதான் அவர் தூக்கத்தைக் கெடுத்தது.

சேலத்துப் பட்டறைகளில் டீசல் பில்டரையும் இன்ஜெக்டர்களையும் மாற்றியிருந்தார்கள். பேருந்துப் பணிமனையில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். சுலபமாகக் கழற்றக்கூடியதில் தொடங்கு என்பது நாங்கள் படித்த முறை. விலை அதிகமானதில் தொடங்கு என்பது அவர்கள் முறை. அதற்கும் ஒரு நியாயம் இருக்கத்தான் செய்கிறது. கரும்புகை என்றால் எஞ்சினுக்கு டீசல் வருகிறது, காற்று போதவில்லை என்று பொருள். ஆகவே அவர் வாசலில் வண்டியை நிறுத்தி, பானெட்டைத் திறந்து, காற்று நுழையும் குழாயின் வாயைப் பார்த்தேன். சும்மா ஓடும்போது ஒன்றும் தெரியவில்லை. ஆக்சிலேட்டரை நன்றாக மிதிக்கச் சொன்னதும், குழாயின் கழுத்தில் கட்டியிருந்த அழுக்குத் துணியின் தொங்கும் முனை சடக்கென்று உள்ளே போய் வாயை அடைத்துக்கொண்டது.

"ஏனுங்கண்ணா, அத அவுக்காதீங்க" என்றாள் அவர் மனைவி. ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றுவது அவள் வேலை. பானெட் திறக்கத் தெரியும். "சேர்வராயன் கோயில்ல வேண்டிக் கட்டுனதுங்க."

"அதுக்கு எடம் இதா?" என்றார் அவர்.

"கண்ணாடியில கட்டுனா நீங்க அவுத்து வீசிருவீங்க. வெளிய கட்டுனா பனியில நனைஞ்சு போயிருமுங்க."

"அப்படி என்ன வேண்டுதல்?" என்று அவரே கேட்டார்.

"வளைவுல நொம்ப வேகமாப் போறீங்கன்னு ஊரே சொல்லுது. மெதுவாப் போகோணும்னு வேண்டிக்கிட்டேன்." முடிச்சைத் தொட்டுக் காட்டி, "கட்டுன நாள்ல இருந்து மெதுவாத்தான போறீங்க" என்றாள்.

 துணியை அவிழ்த்து அவளிடமே கொடுத்தேன். அவள் அதை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, "முடிச்சு ஆகாதுன்னா நானே வண்டியில வந்து உக்காந்துக்கறேனுங்க" என்றாள். வெறும் மிரட்டல் என்று நினைத்து அவர் சிரித்தார்.

சந்தைக்கு முந்தின நாள் முழுப் பாரத்தோடு வண்டி ஏற்காடு வந்து சேர்ந்தது. வேறு வாட்ச்மேன் பார்த்துக்கொள்ளும்படி ரைட்டரிடம் சொல்லிவிட்டாராம்.

இப்போதும் அந்தச் சாலையில் அவர் வண்டியைப் பார்க்கிறேன். எஞ்சினில் ஒரு குறையும் இல்லை. தேவையான இழுவை இருக்கிறது. ஆனாலும் ஒவ்வொரு வளைவிலும் இரண்டாவது கியரில், நத்தை மாதிரிதான் ஏறுகிறது. காரணத்தைத் தேடி யாரும் பானெட்டைத் திறக்க வேண்டாம். அது டிரைவருக்குப் பக்கத்து சீட்டில், கதவுக் கம்பியைப் பிடித்தபடி, சாலையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது.