மிளகாய்க் கன்றுக்குக் கீழே இரண்டு துவக்குகள்

கலியாண வீடுகளில் மைக் என் கையில் அகப்பட்டால் மாப்பிள்ளையே பயப்படுவார். அப்படிப்பட்ட வாய் எனக்கு. அந்த வாய் ஒரு சனிக்கிழமை காலை, ஹனோவரில் நாங்கள் வாடகைக்கு எடுத்திருக்கும் சின்னத் தோட்டத்தில் அடைத்துப்போனது.

மிளகாய்க் கன்று நட மண்ணைக் கொத்திக்கொண்டிருந்தேன். மண்வெட்டி இரும்பில் பட்டது. பழைய தண்ணிக் குழாய் என்று நினைத்து மண்ணை ஒதுக்கினேன். குழாய்க்கு விசை இருந்தது. இன்னும் ஒதுக்கினால், பக்கத்திலேயே இன்னொன்று. இரண்டு துவக்குகள், மரமெல்லாம் உக்கிப்போய், கறள் பிடித்து ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன.

ஒன்றை எனக்குப் பார்த்தவுடனே தெரிந்தது. வயிற்றுக்குக் கீழே தள்ளி நிற்கிற ரவைப்பெட்டி, மொட்டை மூக்கு. உலக யுத்தத்தில் இங்கிலீசுக்காரன் தூக்கித் திரிந்த த்ரீ நொட் த்ரீ. அதையே பிறகு எங்கள் ஊர்ச் சந்தியில் பொலிஸ்காரர் தோளில் மாட்டிக்கொண்டு நின்றார்கள். சோதனைக்கு அடையாள அட்டையோடு வரிசையில் நின்று அந்தத் துவக்கைப் பார்த்த பார்வைக்குப் புத்தகத்தைப் பார்த்திருந்தால் இன்றைக்கு நான் டொக்டர்.

எனக்குத் தெரிந்த சட்டம் ஒன்றுதான்: வளவுக்குள் துவக்கு கிடந்தால் வளவுக்காரன் துலைஞ்சான். அதுவும் எந்த நேரத்தில்? நாளைக்கு நாளைக்கு என்று வருசக்கணக்காக இழுத்தடித்து, கடைசியில் ஜெர்மன் குடியுரிமைப் பத்திரம் வாங்க வருகிற வியாழக்கிழமை வரச்சொல்லி எனக்கு டெர்மின் குறித்துத் தந்திருந்தார்கள். மூளை வேலை செய்யவில்லை, கை செய்தது. மண்ணை இழுத்து மூடி, மேலே ஒரு மிளகாய்க் கன்றையும் நட்டுவிட்டேன்.

தேத்தண்ணிப் போத்தலோடு வந்த மனைவி என் முகத்தைப் பார்த்தாள்.

"என்னப்பா, பேயைக் கண்டனீங்களோ?"

சொன்னேன்.

"துவக்குக்கு மேலை மிளகாய்க் கண்டு நட்ட ஒரே ஆள் நீங்கள்தான். பொலிசுக்குச் சொல்லுங்கோ."

"விசரோ உமக்கு? என்னைப் பிடிச்சுக்கொண்டு போனால் வியாழக்கிழமை ஆர் போறது?"

எங்கள் குசுகுசுப்பைக் கேட்டுப் பக்கத்துத் தோட்டத்து அம்மா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார். டிராம் ஓட்டி ஓய்வு பெற்றவர். மனைவி எல்லாவற்றையும் அவருக்கு ஒப்புவித்துவிட்டாள். அவர் வந்து, கன்றைப் பக்குவமாகப் பிடுங்கி என் கையில் தந்துவிட்டு, விரலால் மண்ணை மெல்ல விலக்கினார்.

"அது இங்கிலீசு. இது எங்கள் பக்கத்தது. என் அப்பாவும் இதைத்தான் சுமந்தார். அதுக்குப் பத்து ரவை, பெட்டி வெளியே. இதுக்கு அஞ்சு, எல்லாம் வயிற்றுக்குள்ளேயே. ஒருத்தரை ஒருத்தர் சுட வந்ததுகள், இப்ப கிடக்கிற கிடையைப் பார், புருசன் பெண்சாதி மாதிரி."

"அதுதான் ரெண்டும் கதைக்கிறேல்லை" என்றாள் மனைவி தமிழில்.

"இனித் தொடாதே, உள்ளே ரவை இருக்கலாம்" என்று சொல்லி அவர் போனை எடுத்தார். நான் கெஞ்சினேன். அவர் சிரித்தார். "போன கோடையில் மண்ணுக்குள் கிடந்த ஒரு யுத்தக் குண்டு எடுக்க எங்கள் தெருவையே வெளியேற்றினார்கள். இது வெறும் துவக்கு, ஐயா."

பொலிஸ் வண்டியில் வந்தது இளம் பெண் ஒருத்தி. அவள் படலையைத் திறந்ததும் என் இரண்டு கைகளும் தாமாக மேலே போய்விட்டன. ஒன்றில், எப்போது எடுத்தேனோ, அடையாள அட்டை. மற்றதில் மிளகாய்க் கன்று.

அவள் அட்டையைப் பார்க்கவில்லை. கன்றைப் பார்த்தாள். "உறைப்போ?"

"ஓம்" என்றேன், ஜெர்மன் மறந்து.

"கையை இறக்குங்கள். பக்கத்துத் தோட்டத்து அம்மா போனில் சொன்னார், அந்த இங்கிலீசுத் துவக்கைக் கண்டவுடனே அடையாளம் கண்டீர்களாமே, எப்படி?"

உண்மையைச் சொன்னேன்: சந்தி, வரிசை, அட்டை. அவள் குறிப்பேட்டை எடுத்தாள்.

"நிறைய நேரம் நின்றிருக்கிறீர்கள்" என்றாள்.

பெயரைக் கேட்டு எழுதினாள். என்னவென்று எழுதுகிறீர்கள் என்று பயந்து பயந்து கேட்டேன். கண்டெடுத்தவர் என்றாள். ஊரில் ஒவ்வொரு சந்தியிலும் சந்தேக நபராக நின்ற எனக்குப் பொலிஸ் கொடுத்த முதல் பதவி உயர்வு அது.

"அப்ப வியாழக்கிழமை குடியுரிமைப் பத்திரம் வாங்கப் போகலாமோ?"

"போங்கள். அதற்கு முதல் நகத்து மண்ணைக் கழுவுங்கள்."

பிறகு வெடிபொருள் ஆட்கள் வந்து இரண்டையும் கொண்டுபோனார்கள். வேறேதும் கிடக்குதோ என்று தோட்டம் முழுவதையும் கிண்டியும் பார்த்தார்கள். எனக்குக் கொத்துகிற வேலை மிச்சம். இந்த நாட்டுக்கு நான் நன்றி சொல்லத் தொடங்கினால் அந்தக் கொத்தலையும் சேர்த்துத்தான் சொல்வேன்.

வியாழக்கிழமை மண்டபத்தில் என் பெயரைக் கூப்பிட்டார்கள். ஒரு கையை மட்டும் உயர்த்தினேன். மற்றதை மனைவி இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள்.