இடது தோளில் முதலாளி

ஜான்-டலோன் சந்தையில் நான் மரக்கறி விற்ற கடையின் முதலாளி யாழ்ப்பாணத்தவர். வாங்க வந்தவர்கள் தக்காளி எந்த ஊர்ச் சரக்கு என்று என்னிடம் பிரெஞ்சில் கேட்டால், அவர் முந்திக்கொண்டு, "இவளுக்குப் பிரெஞ்சு விளங்காது" என்று சொல்லிவிட்டுத் தானே பதில் சொல்வார். எனக்கு நன்றாகவே விளங்கும். வேலை போய்விடுமென்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

என்னோடு வேலை செய்த லெபனான்காரி ஒரு நடிகை. அரபுக் காப்பிக்கடைகளில் கதை சொல்பவர்களைப் போல, தனி ஆளாக நாடகம் போடுவாள். வலது தோளைத் திருப்பினால் ஒரு பாத்திரம், இடது தோளைத் திருப்பினால் இன்னொன்று. இடையில் சபையிலிருக்கும் ஒருவரையும் கதைக்குள் இழுத்துவிடுவாள். அவளிடம் அதைப் பழகினேன். இடது தோளை முதலாளிக்கென்றே வைத்தேன்.

நகரின் நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில், ஒரு தேவாலய மண்டபத்தில், பிரெஞ்சில் என் முதல் நாடகம்.

"கட்டாயம் வாங்கோ அண்ணை, முன்னுக்கு இடம் வைச்சிருக்கிறன்" என்று நானே அழைத்தேன். பெருமையாக வந்து உட்கார்ந்தார்.

நாடகத்தின் நடுவே அவர் முன்னால் போய் நின்று, "தக்காளி எந்த ஊர்ச் சரக்கு, ஐயா?" என்று கேட்டேன். சபை முழுக்க அவரைப் பார்த்தது. பதில் சொல்ல வாயைத் திறந்தார். நான் இடது தோளைத் திருப்பி, அவருடைய குரலிலேயே சபைக்குச் சொன்னேன்:

"இவருக்குப் பிரெஞ்சு விளங்காது."