தம்பியைப் பார்க்கப் போனது

தம்பியைப் பார்க்கத்தான் போகிறோம் என்று நான் நம்பியிருந்தேன். அதற்கு அம்மாதான் காரணம். சித்தப்பாவுக்கும் சித்திக்கும் பிறந்த ஆண் குழந்தை சில நாள்களிலேயே ஆஸ்பத்திரியில் இறந்துபோனதை ஆறு வயதுக்காரியிடம் எப்படிச் சொல்வதென்று தெரியாமல், "பாப்பா வேற ஊருக்குப் போயிருச்சு" என்று சொல்லிவைத்தார். பெரியவர்களின் பொய்யில் இதுதான் சங்கடம். பிள்ளைகள் அதை விலாசமாக எடுத்துக்கொண்டுவிடுவார்கள். எங்கள் குடும்பத்தில் வேறு ஊர் என்று ஒன்று சித்திக்குத்தான் இருந்தது.

சித்தி கிரேக்க நாட்டுக்காரர். சிங்கப்பூரில் ஒரு கப்பல் நிறுவனத்துக்கு வேலைக்கு வந்த இடத்தில் சித்தப்பாவைக் காதலித்துக் கல்யாணம் செய்துகொண்டார். ரசத்துக்குப் புளி கரைக்கும் பக்குவம் அவருக்குக் கைவந்திருந்தது. தமிழையும் சிங்கப்பூர்க்காரர்களான எங்களைப் போலவே பேச்சின் முடிவில் 'லா' போட்டுப் பேசுவார். குழந்தை போனபோது அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: அவனுக்காக எல்லாரும் கூடி ஏதாவது செய்ய வேண்டும். பச்சைப்பிள்ளைக்குக் காரியம் செய்யும் வழக்கமில்லை, மறந்துவிடுவதுதான் நல்லது என்று எங்கள் வீட்டில் சொல்லிவிட்டார்கள். சித்தப்பாவும் தலையாட்டினார். வாங்கிவைத்த தொட்டிலை யாருக்கோ கொடுத்தும்விட்டார். அதற்குப் பிறகு சித்தி அவரிடம் தேவைக்கு மட்டுமே பேசினார்.

ஒரு வருஷம் கழித்து, ஜூன் விடுமுறையில், இருவரும் சித்தியின் ஊருக்குக் கிளம்பினார்கள். நடுவில் ஒரு வாயாடி இருந்தால் முகம் கொடுத்துப் பேசிக்கொள்வார்கள் என்று என்னையும் சேர்த்து அனுப்பினார்கள். புறப்படுவதற்கு முன் சித்தி என்னை லிட்டில் இந்தியாவுக்குக் கூட்டிப்போய், ஒரு மளிகைக் கடையில் முழுக் கோதுமை வாங்கினார்.

"ஏன், உங்க ஊர்ல கோதுமை கிடைக்காதா?" என்று கடைக்காரர் சிரித்தார்.

"கிடைக்கும். ஆனா என் மகன் இங்க பிறந்தவன் லா," என்றார் சித்தி.

கடைக்காரருக்கு ஒன்றும் விளங்கவில்லை. எனக்கு நன்றாக விளங்கியது. தம்பிக்குச் சாப்பாடு கொண்டுபோகிறோம்.

சித்தியின் ஊருக்குப் பின்னால் பெரிய பெரிய பாறைகள் நம் அடுக்குமாடி வீடுகளைப் போல நெட்டுக்குத்தாக நின்றன. அவற்றின் உச்சியில் மடங்கள். அந்தக் காலத்தில் துறவிகள் வலைக்குள் உட்கார்ந்துகொள்ள, மேலிருந்து கயிற்றால் இழுத்துக்கொள்வார்களாம். அதைக் கேட்டதிலிருந்து எனக்கும் அப்படித்தான் போக வேண்டும் என்று அடம். நாங்கள் டாக்சியில் போனோம்.

அன்று காலையில் சித்தி கோதுமையை வேகவைத்து உலர்த்தி, திராட்சையும் பாதாமும் கலந்து, ஒரு தட்டில் குவித்து, மேலே வெள்ளைவெளேரென்று சர்க்கரைப் பொடியைப் பரப்பியிருந்தார். இறந்தவர்களுக்காக அந்த ஊரில் படைப்பது அது. ஆனால் ஞானஸ்நானம் பெறாத குழந்தைக்கு முறைப்படி அந்தச் சடங்கைச் செய்ய முடியாதென்று ஊர்ப் பாதிரியார் கைவிரித்துவிட்டாராம். எங்கள் வழக்கத்திலும் அவனுக்கு இடமில்லை, அவர்கள் வழக்கத்திலும் இல்லை. எவ்வளவு சின்ன உயிர், எத்தனை பேர் சேர்ந்து கதவைச் சாத்தினோம் என்று இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு ஆத்திரமாக வருகிறது. சித்தி யாரிடமும் சண்டைக்குப் போகவில்லை. மேலே கன்னியர் மடத்தில் வைத்துக் கும்பிட்டுவிட்டாவது வருகிறேன் என்று தட்டைத் தூக்கிக்கொண்டார்.

மடத்து வாசலில், கால்சட்டையோடு பெண்கள் உள்ளே வரக்கூடாதென்று சித்திக்கு இடுப்பில் சுற்றிக்கொள்ள ஒரு துணி கொடுத்தார்கள். "சித்தப்பாவோட கைலி மாதிரியே இருக்கு!" என்று நான் கத்த, சித்திக்கே சிரிப்பு வந்துவிட்டது.

உள்ளே ஒரு சிறிய மேசையில் தட்டை வைத்தார். கோதுமைக் குவியலின் நடுவில் ஒரு மெழுகுவர்த்தியைச் செருகி ஏற்றினார். எனக்கு அதுவே போதும். சர்க்கரை, மெழுகுவர்த்தி, ஊர்விட்டு ஊர் வந்த சொந்தக்காரர்கள். பள்ளியில் எல்லாருக்கும் பாடும் பிறந்தநாள் பாட்டை உரத்த குரலில் எடுத்துவிட்டேன்.

சித்தப்பா பதறிப்போய் என் வாயைப் பொத்தினார். "பாடாத மா. இது கோயில்."

சித்தி அவர் கையை விலக்கினார். "பாடட்டும்."

பாடினேன். பெயர் வரும் இடத்தில் நின்றுபோனேன். "தம்பி பேரு என்ன சித்தி?"

சித்தி சொன்னார். அந்தப் பெயரை நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

"இன்னொரு தடவை பாடு லா," என்றார். இந்த முறை அவரும் கூடப் பாடினார். வாசலில் நின்ற கன்னியர் ஒருவர் சிலுவைக்குறி இட்டுக்கொண்டாரே தவிர எங்களைத் தடுக்கவில்லை. பிறகு எல்லாருமாக அந்தக் கோதுமையை ஒரு பிடி தின்றோம். தம்பி எந்தக் கதவைத் திறந்துகொண்டு வருவான் என்று நான் பார்த்துக்கொண்டே மென்றேன்.

மடத்திலிருந்து வெளியே வர ஒரு பாலத்தைக் கடக்க வேண்டும். சித்தி முன்னால் போய்க்கொண்டிருந்தார். நடுப்பாலத்தில் நான் சித்தப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

"தம்பி உள்ளதானே இருக்கான்? அவனைப் பாக்காமலே போறோமே சித்தப்பா?"

சித்தப்பா கைப்பிடியைப் பற்றிக்கொண்டு அப்படியே குந்தி உட்கார்ந்து அழ ஆரம்பித்தார். அவ்வளவு பெரிய ஆள் அப்படிக் குலுங்கி அழுது நான் பார்த்ததில்லை. எட்டிப் பார்த்தேன். பாலத்துக்குக் கீழே கிடுகிடு பள்ளம். விஷயம் புரிந்துவிட்டது.

"கீழ பாக்காதீங்க சித்தப்பா. கண்ணை மூடிக்குங்க, நான் கூட்டிட்டுப் போறேன்."

அவர் கண்ணை மூடிக்கொண்டு கையைக் கொடுத்தார். சித்தி திரும்பி வந்து மறு கையைப் பிடித்துக்கொண்டார்.

சிங்கப்பூருக்கு வந்ததும் சித்தப்பாவுக்கு உயரம் என்றால் பயம் என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லித் தீர்த்தேன். பதினான்காவது மாடியில் குடியிருந்துகொண்டு, ஜன்னலுக்கு வெளியே பாதி உடம்பை நீட்டி மூங்கில் கழியில் துணி காயப்போடுகிற மனிதர் அவர். அது எனக்குத் தோன்றவே இல்லை. அவரும் ஒருநாளும் மறுத்ததில்லை.

"ஆமா மா," என்பார். "நீ மட்டும் கையைப் பிடிக்கலைன்னா நான் அங்கயே இருந்திருப்பேன்."