வசனம் விற்கிற கடையில் ஓய்வு நாள்

பைபிள் வசனம் வெட்டின பலகை விற்கிற தொழிலில் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான்: யாரும் தனக்காக வசனம் வாங்குவதில்லை, வீட்டில் இருக்கிற இன்னொருவர் படித்துத் திருந்தட்டும் என்றுதான் வாங்குகிறார்கள்.

நான் ஓ லெவல் பரீட்சை எழுதினேன். இதற்குமேல் பள்ளி, கல்லூரி எதுவும் வேண்டாம் என்று வீட்டில் சொல்லிவிட்டேன். அம்மா அழுதார். அப்பா டிவி சத்தத்தைக் கூட்டினார். சீருடையைக் கழற்றியதும் சுதந்திரம் வந்துவிட்டது என்று நினைத்தேன். அடுத்த மாதமே சிங்கப்பூர் தேக்கா பக்கம் ஒரு பழைய கட்டடத்தின் கீழ்த்தளத்தில், முதுகில் சிலுவை படம் போட்ட கடை டி-சட்டையில் நின்றுகொண்டிருந்தேன். கல்லாவுக்குப் பின்னால் நாள் முழுக்க நின்றவர்களுக்கு மிச்சத்தை நான் சொல்ல வேண்டாம். கால் வலி உங்களுக்கும் தெரியும்.

கடையில் நாங்கள் மூன்று பேர். முதலாளி சாலமன் அங்கிள். பலகையில் எழுத்து வெட்டுகிற லேசர் மெஷினை ஓட்டுகிறவர் லூர்து அண்ணன், தமிழ்நாட்டுக் கடற்கரை ஊரிலிருந்து வேலைக்கு வந்தவர். வாடிக்கையாளரிடம் வாங்கிக் கட்டிக்கொள்கிறவள் நான்.

பெரிய சைஸ்

எங்கள் கடையில் சூடான இட்லி மாதிரி போவது, பிள்ளைகள் பெற்றோருக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்கிற வசனம். ஒரு ஆன்டி மகளோடு வந்தார். மகளுக்கு என் வயதுதான் இருக்கும், போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "இவ கட்டிலுக்கு நேர் எதிர்ல மாட்டணும். கண்ண முழிச்சா அதுதான் தெரியணும்" என்றார் ஆன்டி.

எனக்கு வாய் சும்மா இருக்காது. "ஆன்டி, சொத்தைப் பிரிச்சு வாங்கிட்டு வீட்டை விட்டுப் போன இளைய மகன் கதை இருக்கே, அந்த அப்பா கதவைப் பூட்டலையே?" என்று கேட்டுவிட்டேன். எனக்கு அந்தக் கதையில் பிடித்ததே அதுதான். பையன் எல்லாவற்றையும் அழித்துவிடுவான் என்று அப்பாவுக்குத் தெரியாமலா இருக்கும்? தெரிந்தும் பங்கைக் கொடுத்து வழியை விட்டார். திரும்பி வந்தபோது ஓடிப் போய்க் கட்டிப்பிடித்தார். பூட்டுகிற பலம் இருந்தும் பூட்டாத கடவுள். ஞாயிறு பள்ளியில் இதை ஒப்பித்துப் பரிசுகூட வாங்கியிருக்கிறேன், அப்போது யோசித்ததில்லை.

மகள் முதல்முறையாகத் தலையைத் தூக்கினாள். அங்கிள் இருமினார். ஆன்டி அசரவே இல்லை. "அந்தக் கதையில அம்மாவே கிடையாது, கவனிச்சியா? இருந்திருந்தா அவன் வாசப்படியத் தாண்டியிருக்க மாட்டான். பெரிய சைஸே போடு!"

சின்ன சைஸ்

விற்காத சரக்கு ஒன்று உண்டு. கிறிஸ்து நம்மை விடுதலையாக்கினார், மறுபடி யாருக்கும் அடிமை ஆகாதே என்று சொல்கிற வசனம். தினமும் அதற்குத் தூசி தட்டுவேன். விடுதலை வசனத்தை அடுத்தவருக்கு வாங்கிக் கொடுக்க யாருக்கும் தைரியம் இல்லை, பெற்றுக்கொண்டவர் அதைப் படித்து, அதன்படி நடந்துவிடுவாரே!

ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் கழுத்தில் ஆபீஸ் அட்டை தொங்க ஒருவர் வந்தார். நேராக அந்தப் பலகை முன்னால் போய் நின்றார், சிரித்தார். "இன்னிக்குக் காலையில வேலைய விட்டுட்டேன்மா. என் மேலதிகாரிய ஆண்டவனா நெனச்சு பயந்துகிட்டு இருந்தேன். அவர் ஆண்டவர் இல்லன்னு இன்னிக்குத்தான் புரிஞ்சது" என்றார். எனக்குக் கைதட்ட வேண்டும் போல இருந்தது. அவ்வளவு சந்தோஷத்தில் இருந்தவரிடம், ஹாலில் மாட்டுகிற அளவில் போடட்டுமா என்று கேட்டேன். அவர் குரல் இறங்கிவிட்டது. "பாக்கெட்ல வைக்கிற மாதிரி குட்டியா குடும்மா. வீட்ல இன்னும் சொல்லல."

முக்காலி

எங்கள் தேக்கா இருக்கிற லிட்டில் இந்தியாவில் ஞாயிற்றுக்கிழமை நடந்தவர்களுக்குத் தெரியும், நடக்க இடம் இருக்காது. வாரம் முழுக்க உழைக்கிறவர்கள் எல்லோரும் அன்றைக்குத்தான் வருவார்கள். நின்ற இடத்திலேயே பெயர் வெட்டித் தர வேண்டும். அதனால் ஞாயிறு லூர்து அண்ணன் மெஷினை விட்டு நகர முடியாது. அவருக்கு லீவு செவ்வாய். நான் ஆராதனை முடிந்து மதியம் போய் நிற்பேன்.

அவர் மனைவி ரோசி அக்காவும் சிங்கப்பூரில்தான் இருக்கிறார். ஆங் மோ கியோவில் ஒரு வீட்டில் பணிப்பெண். அவருக்கு லீவு ஞாயிறு. செவ்வாய்க்கு மாற்றித் தரச் சொல்லி மேடத்திடம் கேட்டுப் பார்த்தார், மேடம் வேலைக்குப் போகிறவர், முடியாது என்றுவிட்டார். லூர்து அண்ணன் அங்கிளிடம் கேட்டார். "ஞாயிறு தவிர எந்த நாள் வேணும்னாலும் கேளு லூர்து" என்றார் அங்கிள். சட்டப்படி அதில் தப்பே இல்லை. ஆனால் ஒரே ஊரில் இருக்கிற கணவனும் மனைவியும், இங்கே வந்ததிலிருந்து ஒரு முழு நாள் சேர்ந்து இருந்ததே கிடையாது.

அதனால் ரோசி அக்கா ஞாயிறுதோறும் கடைக்கே வந்துவிடுவார். மெஷின் பக்கத்தில் ஒரு முக்காலி. மடியில் சாப்பாட்டு டப்பா. அண்ணன் ஒரு வார்த்தை பேசுவார், ஒரு வாடிக்கையாளர் வருவார். அக்கா பதில் சொல்ல வாயைத் திறப்பார், மெஷின் கத்தும். ஒரு நாள் புதிதாக வந்த ஒருவர் அவரைப் பார்த்து, "அக்கா, நீங்க வரிசையில இருக்கீங்களா?" என்று கேட்டார். ரோசி அக்கா சிரிக்காமல் சொன்னார்: "ஆமா தம்பி. நான்தான் மொதல்ல வந்தேன். எனக்கு வேண்டியது இன்னும் ரெடியாகல."

பக்கத்துக் கடை ஷட்டர்

எங்கள் பக்கத்துக் கடை பாய் துணி விற்கிறவர். வெள்ளிக்கிழமை தொழுகை நேரம் வந்தால் ஷட்டரை இறக்கிவிட்டு, வேலையாட்களையும் கூட்டிக்கொண்டு போய்விடுவார். வாசலில் யார் நின்றாலும் சரி.

அங்கிளுக்கு அது தாங்காது. "என்ன பாய், வந்த கஸ்டமர இப்படித் திருப்பி அனுப்புறீங்களே" என்றார் ஒரு வெள்ளிக்கிழமை. பாய் பூட்டை இழுத்துப் பார்த்துக்கொண்டே எங்கள் சன்னலில் தொங்குகிற பத்துக் கட்டளைப் பலகைகளை ஒரு பார்வை பார்த்தார். "நாலாவது கட்டளை ஓய்வு நாள்தானே சாலமன்? எல்லாத்தையும் வித்துடாதீங்கலா. கடைக்குன்னு ஒண்ணு வச்சுக்குங்க!"

வெட்டிவிட்ட வரிகள்

அந்தப் பத்துக் கட்டளைப் பலகையைப் பற்றி ஓர் உண்மை சொல்ல வேண்டும். அது சுருக்கப் பதிப்பு. நாலாவது கட்டளை வேதத்தில் ரொம்ப நீளம், பலகையில் இடம் பிடிக்காது. அதனால் ஓய்வு நாளை ஆசரி என்று ஒரே வரியில் முடித்து, மிச்சத்தை வெட்டிவிட்டோம். ஒருவரும் ஏன் என்று கேட்டதில்லை. ஒரு சபையின் பாஸ்டர்தான் கேட்டார். மோசே இரண்டாம் முறை கட்டளைகளைச் சொல்கிற இடம் இருக்கிறதே, அதை அப்படியே வேண்டும், ஒரு சொல்கூடக் குறையக்கூடாது என்று சொல்லி, ஆள் உயரப் பலகைக்கு ஆர்டர் கொடுத்தார்.

எங்கள் கடையில் ஒரு பழக்கம். மெஷினை ஓடவிடும் முன் ஒருவர் வேதத்தைச் சத்தமாக வாசிக்க வேண்டும், இன்னொருவர் கணினித் திரையில் விரலை வைத்துச் சரிபார்க்க வேண்டும். வெட்டின எழுத்தை அழிக்க முடியாது, பாருங்கள். பெரிய ஆர்டர் என்றால் அங்கிளே வாசிப்பார். அன்றைக்கு ஞாயிறு மாலை. கூட்டம் கொஞ்சம் அடங்கியிருந்தது. அங்கிள் வாசித்தார். லூர்து அண்ணன் விரலை நகர்த்தினார். ரோசி அக்கா முக்காலியில் இருந்தார்.

மூன்று கட்டளை வரை எக்ஸ்பிரஸ் பஸ் வேகம். நாலாவதில் அங்கிள் மெதுவானார். ஓய்வு உனக்கு மட்டும் இல்லை, உன் பிள்ளைகளுக்கு, உன் வேலைக்காரனுக்கு என்று வந்தது. லூர்து அண்ணன் விரல் அந்த இடத்தில் நின்றது. வேலைக்காரிக்கு என்று வந்தது. ரோசி அக்கா டப்பா மூடியையே பார்த்துக்கொண்டிருந்தார். மாட்டுக்கு, கழுதைக்கு, உன் வாசலுக்குள் இருக்கிற வெளியூர்க்காரனுக்கு. அங்கிள் நிறுத்திவிட்டார். எனக்குப் பொறுமை கிடையாது. "அங்கிள், இன்னும் வரி இருக்கு, வாசிங்க" என்றேன்.

வாசித்தார். உன்னைப் போலவே அவர்களும் இளைப்பாற வேண்டும், நீயும் எகிப்தில் அடிமையாக இருந்தாய், கடவுள்தான் உன்னைக் கைபிடித்து வெளியே கொண்டுவந்தார், அதை மறக்காதே என்று அதற்குக் காரணம் சொல்லியிருக்கிறது. அடிமை தன் ஓய்வைக் கேட்டு வாங்கவில்லை. கொடுக்க வேண்டும் என்று எஜமானுக்குத்தான் கட்டளை! மாட்டுக்குக்கூட லீவு கொடுத்த கடவுளை நாங்கள் ஒரே வரியில் முடித்திருக்கிறோம், இடம் பத்தவில்லை என்று.

"சரிபாத்தாச்சா அண்ணே?" என்று கேட்டேன். "ஒரு சொல்லும் குறையல" என்றார் லூர்து அண்ணன். அங்கிள் புத்தகத்தை மூடினார், கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மறுபடி மாட்டினார். பிறகு என் பக்கம் திரும்பினார், கோபமாக. "அப்போ ஞாயித்துக்கிழமை மெஷின யாரு ஓட்டுவா? அந்தப் பாஸ்டரா?"

கரி

"நான் ஓட்டுறேன்" என்றேன். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, வாயிலிருந்து தானாக வந்தது. வாடிக்கையாளர் கண் முன்னால் ஒரு பலகை தப்பில்லாமல் வெட்டிக் காட்டினால் யோசிக்கிறேன் என்றார் அங்கிள்.

படிக்கவே மாட்டேன் என்று பள்ளியை விட்டவள், கடை மூடும் நேரத்தில் மெஷின் முன்னால் உட்கார்ந்து படித்தேன். முதல் பலகை கரியாகப் போனது. அடுத்ததில் சமாதானம் என்ற சொல் பாதியோடு நின்றது, மிச்சம் விளிம்புக்கு வெளியே போய்விட்டது. அம்மா வீட்டில் என் சட்டையை மோந்து பார்த்து, பார்பிக்யூ கடைக்கு மாறிவிட்டாயா என்று கேட்டார். உண்மையைச் சொல்கிறேன், பள்ளியை விட்டபோது பிடிக்காததைச் செய்யாமல் இருப்பதுதான் சுதந்திரம் என்று நினைத்தேன். இது வேறு மாதிரி இருந்தது. யாரும் தள்ளவில்லை, இன்னொருவருக்காக நானே தோளைக் கொடுத்தேன். கனமாகத்தான் இருந்தது, ஆனால் இதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது.

பரீட்சை அடுத்த ஞாயிறு மதியம். கட்டுமான வேலை பார்க்கிற ஒரு அண்ணன், ஊரில் இருக்கிற மகளுக்குப் பெயர்ப் பலகை கேட்டார். லூர்து அண்ணன் கையைக் கட்டிக்கொண்டு தள்ளி நின்றார். அங்கிள் என் தலைக்கு மேலே மூச்சு விட்டார். பலகையை வைத்தேன், அளந்தேன், பொத்தானை அழுத்தினேன். புகை வந்தது, அடங்கியது. எடுத்துத் துடைத்துக் கொடுத்தேன். எழுத்து ஒவ்வொன்றும் பிசிறில்லாமல் நின்றது. அவர் மகளின் பெயரை விரலால் ஒரு முறை தடவிப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். "எத்தன வருஷமா இந்த வேலையில இருக்கம்மா?"

குட்டி ரயில்

அதற்கடுத்த ஞாயிறு காலை பழக்க தோஷத்தில் லூர்து அண்ணன் கடை திறக்க வந்துவிட்டார். "இங்க என்னய்யா வேல? இனிமே ஞாயித்துக்குப் பதிலா செவ்வாய்க்கிழமை வேலைக்கு வா, அன்னிக்கு இவளுக்கு லீவு" என்று அங்கிளே அவரை வெளியே தள்ளினார். நான் முந்தின நாள் மாலை ஆராதனைக்கே போய்விட்டு வந்திருந்தேன். ரோசி அக்கா புதுச் சேலையில் வாசலுக்கு வெளியிலேயே நின்றார், கூப்பிட்டும் உள்ளே வரவில்லை. அண்ணன் மெஷின் விசிறியைப் பற்றி எதையோ சொல்லத் திரும்பித் திரும்பி வந்தார். அக்கா அவர் சட்டைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். பாய் தன் கடை வாசலிலிருந்து அந்த ஊர்வலத்துக்குக் கைதட்டினார்.

அன்றைக்கு எங்களுக்கு மூச்சுவிட நேரமில்லை. அங்கிள் பொட்டலம் கட்டினார், பார்க்கச் சகிக்கவில்லை. ஒரு பலகையைக் கரியாக்கினேன். சாயங்காலம் இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து சிரித்தோம்.

திங்கள் காலை லூர்து அண்ணன் வந்ததும், எங்கே போனீர்கள் என்று பிடித்துக்கொண்டேன். கடற்கரையா, பூங்காவா, சினிமாவா? எல்லாவற்றுக்கும் தலையாட்டி மறுத்தார். சர்ச்சில் பூசை முடிந்ததும் சுவா சூ காங் வரை எம்ஆர்டி ரயிலில் போய், அங்கே ஓடுகிற குட்டி ரயிலில் ஏறிச் சுற்றிச் சுற்றி வந்தார்களாம். எந்த நிறுத்தத்திலும் இறங்கவில்லையாம். "அதுல என்ன அண்ணே இருக்கு?" என்று கேட்டேன். முகமெல்லாம் பல்லாகச் சொன்னார்: "ரெண்டு பேரும் பக்கத்துப் பக்கத்துல உக்காந்து பேசினோம்மா. ஒரு கஸ்டமர்கூட நடுவுல வரல!"

ஒரு ஜனத்தையே எகிப்திலிருந்து கிளப்பக் கடவுள் பட்ட பாட்டைப் படித்திருக்கிறேன். ஒரே ஒரு மனிதரை ஒரு வசனக் கடையிலிருந்து ஞாயிற்றுக்கிழமை வெளியே அனுப்ப நாங்கள் பட்ட பாடும் அதற்கு அப்படியொன்றும் குறைச்சல் இல்லை.