பழைய மேனேஜரின் குறைகள்

நான் யாருக்கும் தொந்தரவு தராத, அருமையான மேனேஜர் என்று பல வருடம் நம்பியிருந்தேன். இப்போது சொல்லவே கூச்சமாக இருக்கிறது.

எண்பதுகளில் கிள்ளானில், துறைமுகச் சரக்கை லோரியில் ஏற்றி அனுப்பும் ஒரு சின்னக் கம்பெனி. கோலாலம்பூர் ஹோட்டல் ஒன்றில் இரண்டு நாள் கருத்தரங்குக்கு என்னை அனுப்பினார்கள். ஊழியர்கள் மனம்விட்டுப் பேசும் ஆபீஸ்தான் உருப்படும் என்றார்கள். சாப்பாடு பிரமாதம்; ஆகவே நம்பிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை தேநீர் நேரத்தில் எல்லோரையும் கூட்டி, உருளைக்கிழங்கு மசாலா அடைத்துப் பொரித்த கறிபாப் வாங்கி வைத்து, "என்கிட்ட என்ன குறை இருந்தாலும் முகத்துக்கு நேரா சொல்லுங்க" என்றேன். எல்லோரும் கறிபாப்பின் முகத்தைப் பார்த்தார்கள்.

கடைசியில் லோரி ஓட்டும் அண்ணன் செருமினார். "உங்ககிட்ட ஒண்ணும் இல்ல பாஸ். பழைய மேனேஜர்தான், ஐயோ!"

"ஏன், என்ன பண்ணுவாரு?"

"லோரி கிளம்புறப்ப வந்து டயரை எட்டி உதைச்சுப் பார்ப்பாரு. டயரைப் பத்தி ஒண்ணும் தெரியாது லா."

விழுந்து விழுந்து சிரித்தேன். நானும் உதைப்பவன்தான், ஆனால் நான் அக்கறையோடு உதைப்பவன்.

டைப்பிஸ்ட் பெண்ணுக்கும் துணிச்சல் வந்தது. "அஞ்சு மணிக்கு ஹேண்ட்பேக்கை எடுத்தா, அப்பத்தான் 'ஒரே ஒரு லெட்டர்'னு கூப்பிடுவாரு. வீட்டுக்குப் போற காப்பார் பஸ் போயிடும். இன்னொரு தடவை லேட்டா வந்தா பிள்ளைய வேற இடத்துல விட்டுக்கோனு, அவனைப் பாத்துக்கிற ஆன்டி சொல்லிட்டாங்க பாஸ்."

"என்ன மனுஷன் அவர்!" என்று மேசையைத் தட்டினேன். யாரும் சிரிக்கவில்லை. அப்போதுதான் உறைத்தது. பழையவர் ஓய்வுபெற்று ஈப்போவுக்குப் போய், அவர் நாற்காலியில் நான் உட்கார்ந்த பிறகுதான் இந்தப் பெண்ணை வேலைக்கே எடுத்தோம். எடுத்தவன் நான்.

வாயில் இருந்த கறிபாப்பை மெதுவாக விழுங்கினேன். "அவர் அப்படிச் செஞ்சிருக்கக் கூடாது" என்றேன்.

"மாத்திக்குவாரா பாஸ்?" என்றாள் அவள்.

"திங்கக்கிழமையிலேர்ந்து மாத்திக்குவாரு."

ஈப்போவில் ரோஜாச் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த மனிதர், பாவம், அப்படித்தான் திருந்தினார். லெட்டர்களை மத்தியானத்துக்குள் சொல்லி முடித்துவிடுவேன். சில வாரம் கழித்து, நன்றியை எதிர்பார்த்துத்தான் கேட்டேன்: "இப்ப பஸ் கிடைக்குதாம்மா?"

"கிடைக்குது பாஸ். ஆன்டிகூட சிரிச்சுப் பேசுறாங்க" என்றாள். "ஆனா ஒண்ணு. லெட்டரெல்லாம் மத்தியானமே முடிஞ்ச பிறகுதான் எங்களுக்கே தெரியுது, சாயங்காலம் உங்களுக்கு வேலையே இல்ல லா."