அப்பா படத்துக்குக் கண் திறந்த கதை

ராபர்ட்சன்பேட்டை பஜாரில் எங்கள் பெயின்ட் கடையில், கல்லாப்பெட்டிக்கு மேலே அப்பாவின் படம் மாட்டியிருக்கிறது. வெள்ளைச் சட்டை, படிய வாரிய தலை, நறுக்கிவிட்ட மீசை. எங்கள் ஊரில் காற்றடித்தால் சயனைடு மேட்டிலிருந்து மண் பறந்து வந்து எல்லாவற்றின் மேலும் படியும். சுரங்கத்துக் கல்லை அரைத்துத் தங்கத்தை எடுத்துக்கொண்டு மிச்சத்தைக் கொட்டிக் கொட்டி உண்டான மேடு அது. கடையைத் திறந்ததும் அம்மா செய்கிற முதல் வேலை, ஸ்டூல் மேல் ஏறி அந்தப் படத்தின் கண்ணாடியைத் துடைப்பதுதான். இப்போது ஏற முடிவதில்லை என்று ஒரு குச்சியில் துணி கட்டி வைத்திருக்கிறாள். பிரஷ் வாங்க வருகிறவர்கள் படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, அப்பாவின் கண்ணை அப்படியே உரித்து வைத்திருக்கிறாள் என்பார்கள். பத்து வயதில் அப்பாவை இழந்தவள் நான். எனக்கென்று அவர் விட்டுப்போனது அந்தக் கண்தான் என்று நினைத்துக்கொள்வேன். கல்யாணமாகி, பெங்களூருக்கு ரயிலில் போய்வருகிற உத்தியோகம் கிடைத்து, தலை நரைத்த பிறகும் யாராவது அப்படிச் சொன்னால் மனசு குளிரும்.

அந்தப் படத்தை எழுதியவரை நான் மாமா என்று கூப்பிடுவேன். சொந்தமெல்லாம் கிடையாது. அம்மாவை அவர் அக்கா என்பார், அதனால் எனக்கு மாமா. மண் அள்ளும் பெரிய வண்டிகள் செய்கிற தொழிற்சாலையில் அவருக்கு பெயின்ட் அடிக்கிற வேலை. ஷிப்ட் முடிந்து குவார்ட்டர்ஸுக்கு வந்தால் பின்னறையில் உட்கார்ந்து படம் எழுதுவார். அதுவும் செத்துப்போனவர்களின் படம் மட்டும். சாமான் எல்லாம் எங்கள் கடையில்தான் வாங்குவார். அப்பாவுக்கு அவர் மேல் ஒரு மரியாதை இருந்தது. அவர் வந்தால் மட்டும் எழுந்து நின்று, பார்வையைத் தாழ்த்தி எடுத்துக் கொடுப்பார்.

அந்தக் காலத்தில் எங்கள் ஊரில் ஒருவர் இறந்தால், வீட்டில் எங்கேயாவது ஒரு சின்ன போட்டோ அகப்படுகிறதா என்று தேடுவார்கள். வேலை அட்டையில் ஒட்டியது, யாருடைய கல்யாணத்திலோ ஓரமாக நின்றது, எது கிடைக்கிறதோ அது. அதை மாமாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தால், பதினாறாம் நாள் காரியத்துக்கோ, மாதாகோயில்காரர்கள் என்றால் முப்பதாம் நாள் பூசைக்கோ, பெரிய படமாகத் தந்துவிடுவார். முகம் முழுவதையும் முடித்துவிட்டுக் கண் இருக்கும் இடத்தில் மட்டும் இரண்டு வெள்ளையை விட்டு வைத்திருப்பார். கண் திறக்கிற அன்றைக்கு வீட்டார் எல்லோரும் போக வேண்டும். ஆனால் பின்னறைக்குள் ஒருவரைத்தான் விடுவார், செத்தவரோடு அதிகம் வாழ்ந்த ஒருவரை. மற்றவர்கள் வராந்தாவில் அவர் மனைவி கொடுக்கிற காப்பியைக் குடித்துக்கொண்டு காத்திருப்பார்கள். உள்ளே போட்டோவைக் குப்புறக் கவிழ்த்துவிடுவார். அவர் சொல்கிறது எப்போதும் ஒன்றுதான், ஊரில் எல்லோருக்கும் அது மனப்பாடம்: "அவரப் பத்தி எது வேணா சொல்லுங்க. இங்க சொன்னது இங்கியே."

உள்ளே இருப்பவர் பேசுவார், மாமா கேட்டுக்கொண்டே கண்ணை எழுதுவார். பேசி முடித்தவர்கள் முகம் வீங்கி வெளியே வருவார்கள். வந்ததும் தண்ணீர் கேட்பார்கள். என்ன சொன்னார்கள் என்பது அந்தக் கதவைத் தாண்டி வந்ததே கிடையாது. எங்கள் ஊர் எப்படிப்பட்ட ஊர் என்று தெரிந்தவர்களுக்குத்தான் இதன் அருமை புரியும். தொழிலாளர் வீடுகளின் ஒரு லைனில் குழம்பு கொதிப்பதற்குள் அடுத்த லைனில் அது என்ன குழம்பு என்று தெரிந்துவிடும். அப்படிப்பட்ட ஊரில், வாயைத் திறந்து எதையும் கொட்டிவிட்டு வரக்கூடிய ஒரே இடம் அந்தப் பின்னறைதான். சாமியாரிடம் பாவமன்னிப்புக் கேட்கிறவர்கள்கூட இவ்வளவு நம்பிக்கையோடு போயிருப்பார்களா, தெரியாது.

அப்பாவுக்கு போட்டோ என்றாலே ஆகாது. இருந்தது ஒன்றே ஒன்று, கடையில் ஆயுத பூஜையின்போது யாரோ எடுத்தது. அதிலும் கற்பூரப் புகைக்குக் கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தார். அம்மாதான் உள்ளே போனாள். நானும் தம்பியும் வராந்தாவில் உட்கார்ந்திருந்தோம். எனக்குக் காப்பி கொடுத்தார்கள் என்பது நினைவிருக்கிறது, ஏனென்றால் எங்கள் வீட்டில் சின்னப் பிள்ளைகளுக்குக் காப்பி கிடையாது. அம்மா வெளியே வந்தபோது அழுத அடையாளம் இல்லை. தண்ணீரும் கேட்கவில்லை. படத்தை எங்கள் முன்னால் நிமிர்த்தி வைத்ததும், கூட வந்த சித்தப்பா, அண்ணன் உயிரோடு உட்கார்ந்திருப்பதுபோல் இருக்கிறது என்று சொல்லித் தேம்பினார்.

சுரங்கம் மூடியாயிற்று, மாமாவும் ஓய்வு பெற்று வெகுகாலம் ஆயிற்று. இப்போது கொஞ்ச நாளாகப் பெங்களூரிலிருந்து ஒரு குழு வருகிறது. எல்லாம் சின்ன வயசு. பக்கத்துச் சுரங்கப் பகுதியான சாம்பியன் ரீப்ஸில் ஒரு பழைய ஹாலைச் சுத்தம் செய்து, ஞாயிற்றுக்கிழமைகளில் உள்ளூர்க் கலைஞர் ஒருவரை உட்கார வைக்கிறார்கள். அவர் நம் கண்ணெதிரே வேலை செய்வார், எப்படிச் செய்கிறார் என்று சொல்வார், நாம் கேள்வி கேட்கலாம். எனக்கு அதில் வெறுப்பு ஒன்றும் இல்லை. முதல் வாரம் கிறிஸ்துமஸ் நட்சத்திரம் கட்டுகிறவர் வந்தார். மூங்கிலை எந்தப் பக்கம் பிளந்தால் வளையும், பசையில் எதைக் கலந்தால் எலி கடிக்காது என்று எல்லாவற்றையும் காட்டினார். கட்டி முடித்த நட்சத்திரத்தின் ஒரு முனை கோணிக்கொண்டதும் அவரே முதலில் சிரித்தார். நானும் கை வலிக்கக் கை தட்டினேன். அவர் காட்டியதெல்லாம் அவருடைய மூங்கில், அவருடைய பசை.

அடுத்தது மாமா. அவரே வீட்டுக்கு வந்து அழைத்தார். இப்போது முடியைத் தோள்வரை விட்டு, கழுத்தில்லாத நீளச் சட்டை, தோளில் ஒரு சணல் பை. பெங்களூரில் இரண்டு மூன்று இடங்களில் பேசியாகிவிட்டதாம், நல்ல பேராம். அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, நீங்கள் முன்வரிசையில் உட்கார வேண்டும் அக்கா என்றார். அம்மாவுக்குச் சந்தோஷம். பீரோவிலிருந்து நல்ல புடவையை எடுத்துக் கட்டிக்கொண்டு, மதியத்திலிருந்தே தயாராக இருந்தாள்.

ஹாலுக்குள் நுழைந்தோம். சுவரெல்லாம் சுரங்கத் தொப்பிகளை மாட்டி, மாமாவின் பெயருக்கு மேல் சுரங்க ஓவியர் என்று எழுதியிருந்தார்கள். சுரங்கத்து ஷாஃப்டுக்குள் ஒரு தடவைகூட இறங்காத மனுஷர். மேசைமேல் ஒரு தட்டில் சயனைடு மேட்டு மண். அதைச் சாயத்தில் குழைத்துத்தான் எழுதுவேன் என்று கூசாமல் சொன்னார். ஆயுசு முழுவதும் அந்த மண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கிற அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவருக்கு முன்னால் ஒரு முகம் தயாராக இருந்தது, கண் இல்லாமல். அது யாருடைய முகமும் இல்லை, அன்றைய காட்சிக்காகவே எழுதியது. சாவு விழாத ஒரு சாவுப் படம். வந்திருந்தவர்களில் பாதிப்பேர் பெங்களூர்க்காரர்கள், பாதிப்பேர் நம் பஜார் முகங்கள். எல்லோர் கையிலும் போன்.

பின்னறையைப் பற்றி அவர் சொன்னதும், மைக் வைத்திருந்த பெண் அங்கே என்னதான் சொல்வார்கள் சார், எங்களுக்கும் கொஞ்சம் சொல்லுங்களேன் என்று கேட்டாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை, கேட்பது அவள் வேலை. வாயை மூடிக்கொள்வது இவர் வேலை. இவர் ஒரு மடக்குத் தண்ணீர் குடித்துவிட்டு, புருஷனைக் கடைசிவரை திட்டித் தீர்த்த ஒருத்தியின் கதையைச் சொன்னார். கூட்டம் சிரித்தது. அடுத்து, பஜாரில் பெயின்ட் கடை வைத்திருந்த ஒருவர் என்று ஆரம்பித்தார்.  எங்கள் பஜாரில் அப்போதிருந்த பெயின்ட் கடை ஒன்றுதான். பக்கத்தில் அம்மா நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"கண்ணு எப்படி இருக்கும், சொல்லுங்கன்னேன். தெரியாதுன்றாங்க அந்தம்மா. இத்தினி வருஷம் குடும்பம் நடத்திட்டு தெரியாதாம்மான்னு கேட்டேன். மாமியார் எதிர்ல தலை நிமிர்ந்து பாத்ததில்ல தம்பி, எனக்கு அவர இருட்டுல தான் பழக்கம்னாங்க."

அந்த இடத்தில் மாமா நிறுத்தினார். சிரிப்பு வரட்டும் என்று நிறுத்தினார். பல இடங்களில் சொல்லிப் பழகிய நிறுத்தம் அது. வந்தது சிரிப்பு. பின்வரிசையில் யாரோ விசிலடித்தான். சுவரில் காறித் துப்பிய எச்சில் வழிந்து இறங்குவதைப் பார்த்தாற்போல் இருந்தது எனக்கு. அவர் கையைக் காட்டி அவர்களை அடக்கிவிட்டு, குரலைத் தாழ்த்தி, மிச்சத்தையும் சொன்னார். வேறு வழி தெரியாமல் அந்த அம்மாவின் கண்ணையே பார்த்து எழுதிவிட்டாராம். புருஷனின் முகத்தில் பெண்டாட்டியின் கண். இன்றுவரை வீட்டில் யாருக்கும் தெரியாதாம். ஆ என்று ஒரு பெருமூச்சு, அப்புறம் ஒரே கைதட்டல். அந்தப் படம் இப்போது எங்கே இருக்கிறது என்று ஒரு பையன் கேட்டதற்கு, எந்த வீட்டிலோ தொங்கிக்கொண்டிருக்கும் என்றார். அவருக்கு மறந்துபோயிருந்தது. சொல்லிச் சொல்லி, பெயின்ட் கடை என்பதும் வெறும் வசனமாகி, அது யாருடையது என்பதே அவருக்கு இல்லாமல் போய்விட்டது. நான் அம்மாவின் கையைப் பிடித்தேன். அவள் மெதுவாக விலக்கிக்கொண்டாள்.

முடிந்ததும் நேரே எங்களிடம் வந்தார். முகமெல்லாம் வியர்வையும் பூரிப்புமாக, எப்படிப் பேசினேன் அக்கா என்று கேட்டார்.

"நல்லா பேசின தம்பி. எல்லாம் ஞாபகம் வெச்சிக்கினு இருக்க. இங்க சொன்னது இங்கியேன்னு ஒரு வார்த்த சொல்வியே, அத மட்டும் விட்டுட்ட."

முதலில் அவருக்குப் புரியவில்லை. சிரித்துக்கொண்டே அம்மாவைப் பார்த்தார். பார்த்தவர் அவள் கண்ணில் நின்றுவிட்டார். தான் எழுதிய கண்ணை அவருக்கு அடையாளம் தெரிந்தது. முகம் செத்துப்போயிற்று. அந்த நேரம் பார்த்து மைக் பெண் ஓடிவந்து, சார் இந்தப் பக்கம் என்று போனை நீட்டினாள். அவர் திரும்பினார், திரும்பினதும் அந்தச் சிரிப்பு மறுபடி வாயில் வந்து உட்கார்ந்துகொண்டது. மேடையில் பேசியதைக்கூட ஒருநாள் மன்னித்துவிடுவேன். அந்தச் சிரிப்பை மன்னிக்க என்னால் ஆகாது.

 வீடு திரும்பும் வழியெல்லாம் எனக்கு அப்பாவின் கண்ணை நினைவுபடுத்திப் பார்க்க வேண்டும் என்று ஒரு வெறி. பத்து வயதுவரை நானும் பார்த்திருக்கத்தானே வேண்டும். மடியில் உட்கார வைத்து எனக்குப் பட்டாணி உரித்துக் கொடுத்திருக்கிறார். விரல் ஞாபகம் வருகிறது, சட்டையில் டர்பன்டைன் வாசனை ஞாபகம் வருகிறது. கண் என்று யோசித்தால் படத்தின் கண்தான் வருகிறது. பாட்டியும் சித்தப்பாவும் போய்விட்டார்கள், அவர் கண் எப்படி இருந்தது என்று சொல்ல இனி ஆளில்லை. இத்தனை நாள் அது தெரியாமலாவது இருந்தேன்.

மறுநாளே அந்த வீடியோ ஊரெல்லாம் சுற்றியது. இருட்டு என்கிற இடத்தை மட்டும் வெட்டியெடுத்து, சிரிக்கிற மஞ்சள் முகங்களை ஒட்டி அனுப்பினார்கள். என் ஆபீஸில் ஒருத்தி, இது உங்கள் ஊர்தானே என்று எனக்கே காட்டினாள். மாமா அதற்குப் பிறகு எங்கள் கடைப் பக்கம் வரவில்லை. அவர் மனைவி ஒரு மாலை தலையைக் குனிந்துகொண்டு வந்து அம்மாவின் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் போனாள். மாமாவுக்குச் சாயம் வேண்டுமென்றால் மட்டும் யாரையாவது அனுப்புகிறார். அடுத்த மாதம் மறுபடி பெங்களூரில் பேசுகிறாராம்.

படத்தை இறக்கிவிடலாம் என்று தம்பி சொன்னான், நானும் சொன்னேன். அம்மா கேட்கவில்லை. இதையெல்லாம் எழுதப்போகிறேன் என்றபோது, எழுது, ஆனால் அவன் விட்டதையும் சேர்த்து எழுது என்றாள். அதனால்தான் எழுதுகிறேன்.

கடைக்கு வருகிறவர்கள் இப்போது என்னையும் படத்தையும் பார்ப்பதில்லை. படத்தையும் அம்மாவையும் பார்க்கிறார்கள். போன சனிக்கிழமை நானும் கடையில் இருந்தேன். வழக்கமாக வருகிற வீட்டு கான்டிராக்டர் ஒருவர் நாலு அங்குல பிரஷ் கேட்டார். தம்பி எடுக்க உள்ளே போனதும் அவர் பார்வை மெல்ல மேலே ஏறியது, படத்தில் நின்றது, உதட்டோரம் ஒரு சுழிப்பு வந்தது. அந்தச் சுழிப்பை இந்த ஒரு மாதமாகத் தினமும் யார் முகத்திலாவது பார்க்கிறோம். எனக்கு எழுந்துபோய் அறைய வேண்டும்போல் இருந்தது. மாமியார் எதிரில் தலை நிமிராமல் வாழ்ந்த என் அம்மா, கல்லாப்பெட்டியில் இருந்து நிமிர்ந்து அவரை நேராகப் பார்த்தாள்.

"மேல இன்னா பாக்கறீங்க? இங்க பாருங்க. ரெண்டும் ஒண்ணு தான்."

அவர் பார்க்கவில்லை. தம்பி கொண்டுவந்த பிரஷ்ஷைக் காகிதத்தில் சுற்றும்வரைகூட நிற்காமல், அப்படியே கையில் வாங்கிக்கொண்டு போனார்.