ஓட்டை போட்ட டம்ளர்கள்

பேரனுக்கென்று நான் எடுத்தது ரோஸ் நிற பிளாஸ்டிக் பால் டம்ளர். வீட்டில் பையைப் பிரித்தால் எவர்சில்வர் டம்ளர் இருந்தது. கடைக்கார ராமாத்தக்காதான் மாற்றி வைத்திருக்கிறார். மறுநாள் கோயிலுக்குப் போனபோது கேட்டேன். "கொழந்த அதுலயே குடிக்கட்டுங்க அம்மணி" என்றதோடு சரி. வளையல் அடுக்கத் தொடங்கிவிட்டார்.

துடியலூர்ப் பக்கம் எங்கள் மாரியம்மன் கோயில் வீதியில் அவருடையது சாக்கு விரித்த கடை. கிலுகிலுப்பை, சீப்பு, பொட்டு, குழந்தைச் சாமான். கூட்டம் இல்லாதபோது கோபுரத்துப் புறாக்களைப் பார்த்து, "ஏனுங்க, சாப்பிட்டாச்சுங்களா?" என்பார். குழந்தைச் சாமான் எது விற்றாலும், கொடுக்குமுன் அதைக் கன்னத்தில் வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். போகிற வீட்டுக் குழந்தையின் முகம் தெரியுமாம்.

ஒழுகும் வீட்டுக் கூரைக்குத் தேர்த் திருவிழா வியாபாரத்தில் ஓடு மாற்றுவதாக இருந்தார். அதை நம்பி, மூக்கு வைத்த அந்த ரோஸ் டம்ளர்களை ஒரு மூட்டை வாங்கி வைத்தார். வெயில் பட்டால் மூட்டைக்குள்ளேயே பொழுது விடிவதுபோல் இருக்கும்.

தடுப்பூசி போட வந்த நர்சம்மா ஒன்றை எடுத்து வெந்நீர் ஊற்றிக் காட்டினார். நீர் மெல்லச் சிவந்தது. சாயப்பட்டறை வாடை வந்தது. பூச்சிமருந்து வந்த பழைய கேன்களை உருக்கி வார்த்ததாம். குழந்தை வாயில் படவே கூடாதாம். நான் டம்ளர் எடுத்தது அதற்கு மறுநாள், அவர் அவற்றைக் கடையிலிருந்து எடுத்து வைக்குமுன். அக்கா கன்னத்தில் வைத்துப் பார்த்திருக்கிறார், முகமே தெரியவில்லையாம்.

வீதியில் எல்லாக் கடையிலும் அதே டம்ளர்தான். கடை கடையாகப் போய்ச் சொன்னார். பக்கத்துக் கடை அப்புசாமி சிரித்தார். "நாம விக்காட்டி சந்தையில விப்பாங்கக்கா. தேரு நேரத்துல வம்பெதுக்கு?"

"ஆத்தா வாசல்ல உக்காந்துட்டு வெசத்தையா விக்கறது?"

திருவிழா தொடங்கும் பூச்சாட்டு அன்று எல்லாரையும் அம்மன் முன் கூட்டிப்போனார். ஒவ்வொருவராக எரியும் கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்து, இனி விற்பதில்லை என்று சத்தியம் செய்தார்கள். அப்புசாமி கடைசியாக வந்து அடித்தார். புகை அடங்கியபோது எங்கள் வீதியில் அந்த டம்ளருக்குத் தடை.

மொத்தக் கடைக்காரர் மூட்டையைத் திருப்பி எடுத்துக்கொண்டு வேறு சரக்குத் தருவதாகச் சொன்னார். "இத ஈரோட்டுப் பக்கம் தள்ளிடலாமுங்க."

அக்கா மூட்டையின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டார். "அங்க இருக்கறதும் கொழந்தைகதானுங்களே."

கம்பியைக் காய்ச்சி ஒவ்வொரு டம்ளரின் அடியிலும் துளை போட்டார். மண் நிரப்பித் துளசி நாற்று நட்டு, கோயிலுக்கு வருகிறவர்களுக்குக் கொடுத்தார்.

"கூரை ஓட்டைய அடைப்பீங்கன்னு பாத்தா, டம்ளருக்கு ஓட்டை போடறீங்களேக்கா!" என்றார் அப்புசாமி. சொல்லிவிட்டு மண் சுமந்து வந்ததும் அவர்தான்.

நான் மகளோடு ஈரோட்டுக்குக் குடிபோன அன்று ஐப்பசி மழை. சொல்லிக்கொள்ள அக்கா வீட்டுக்குப் போனேன். ஒழுகுகிற இடமெல்லாம் பாத்திரம் வைத்திருந்தார். ஒவ்வொன்றும் ஒவ்வொரு சுருதியில் சொட்டிக்கொண்டிருந்தது. தளிர்விட்ட துளசி ஒன்றை டம்ளரோடு கன்னத்தில் வைத்து, வெகுநேரம் கண்ணை மூடி நின்றார். பிறகு அடியில் விரல் விட்டு, துளை இருக்கிறதா என்று தடவிப் பார்த்துவிட்டு என் கையில் கொடுத்தார்.

"போயிட்டு வாங்க அம்மணி. மண்ணு காஞ்சா தண்ணி ஊத்துங்க. ஆராச்சும் ஓட்டைய அடைச்சுப்போட்டுப் பாலு ஊத்தாம மட்டும் பாத்துக்கோங்க."